ஆய்வகத்தில் இப்போது மணி என்ன?
இணையம் இல்லாத சர்வரின் கடிகாரத்தைச் சரிசெய்தலும் அதை வகுப்பறைக்குக் கொண்டு வருதலும்

பள்ளிக் கணினி ஆய்வகப் பதிவேடுகளில் பழுதுகளை எழுதும் பக்கத்தைப் புரட்டினால் சில வரிகள் திரும்பத் திரும்ப வரும். ‘பாதுகாப்பற்ற இணைப்பு என்று காட்டி இணையதளம் திறக்க மறுக்கிறது.’ ‘சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்ளே விடவில்லை.’ ‘நேற்றுச் சேமித்த கோப்பைக் காணவில்லை.’ மூன்றும் வெவ்வேறு பழுதுகள் போலத் தோன்றும். ஆனால் மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும்: கணினியின் கடிகாரம் தவறாக ஓடுவது.

இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்’ என்ற வரம்பு உண்டு. கணினி தன்னை 2009இல் இருப்பதாக எண்ணிக்கொண்டால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். சில வலையமைப்புகளில் சர்வரின் நேரமும் கணினியின் நேரமும் 5 நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் அனுமதி கிடைக்காது. கோப்புகளைத் தேதி வரிசையில் பார்க்கும்போது, நேற்றைய கோப்பு பல ஆண்டுகள் முந்தைய தேதியுடன் பட்டியலின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அது தொலைந்துவிட்டதாக மாணவர் அழுவார்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். கணினிக்கெனத் தனி ஆசிரியர் இல்லாததால் ஆய்வகப் பொறுப்பும் என்னிடமே உள்ளது. ஒரு சர்வர், பத்துக் கணினிகள், ஒரு புரொஜெக்டர், ஒரு யு.பி.எஸ். இணைய இணைப்பு சில நாள் இருக்கும்; மழைக்காலத்தில் வாரக்கணக்கில் இருக்காது. இணையம் இல்லாத நாள்களில் எங்கள் ஆய்வகம் தனித் தீவு. உள்ளே இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேசும். வெளியுலகத்தோடு பேச வழியில்லை. இப்படிப்பட்ட ஆய்வகம் பல பள்ளிகளில் இருக்கும் என்பதால், நான் பின்பற்றும் முறையைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள்

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. ஒவ்வொரு கணினியிலும் இரண்டு கடிகாரங்கள் உள்ளன. ஒன்று மதர்போர்டில் இருக்கும் வன்பொருள் கடிகாரம். கணினி அணைந்திருக்கும்போதும் ஒரு ரூபாய் நாணயம் போன்ற சிறு பேட்டரியின் துணையால் இது ஓடிக்கொண்டே இருக்கும். மற்றொன்று இயங்குதளம் நடத்தும் மென்பொருள் கடிகாரம். கணினியைத் தொடங்கும்போது இயங்குதளம் வன்பொருள் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளும். அதன்பின் தானே எண்ணத் தொடங்கிவிடும். திரையின் மூலையில் நாம் பார்ப்பது இந்த இரண்டாவது கடிகாரத்தை.

வன்பொருள் கடிகாரத்தின் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். இந்த எண் 2இன் 15ஆம் அடுக்கு. பாதி, பாதியாக 15 முறை குறைத்தால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். நம் கைக்கடிகாரத்திலும் சுவர்க் கடிகாரத்திலும் இருப்பது இதே வகைப் படிகம்தான். வெப்பநிலை, படிகத்தின் வயது, தயாரிப்பில் நேரும் சிறு மாற்றம் ஆகியவற்றால் இந்த அதிர்வு சற்றே கூடும் அல்லது குறையும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்பது இத்தகைய படிகத்திற்கு இயல்பானது. ஒரு நாளில் 86,400 விநாடிகள் என்பதால் இப்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி, மாதத்திற்கு 52 விநாடி, ஓராண்டில் பத்து நிமிடத்திற்கும் மேல்.

நம் கைப்பேசிக்கும் இதே குறை உண்டு. ஆனால் அது கைப்பேசிக் கோபுரத்திடமோ இணையத்திடமோ அடிக்கடி நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இணையத்தில் இணைந்த கணினியும் அப்படியே. இந்தக் கேள்வி-பதிலுக்கான விதிமுறையை அமெரிக்காவின் டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்டார். ‘நெட்வொர்க் டைம் புரோட்டோகால்’, சுருக்கமாக என்.டி.பி., என்று அதற்குப் பெயர். தீவாகிவிட்ட ஆய்வகத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை. எனவே பத்துக் கணினிகளும் பத்து வேறு திசைகளில் மெல்ல நகர்கின்றன.

நேரம் தவறினால் யாருக்கு இழப்பு?

சில நிமிடம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று தோன்றலாம். எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு நீர் மாசுபாடு பற்றிய படக்காட்சி தயாரிக்கும் செயல்திட்டம் கொடுத்திருந்தோம். ஒவ்வொருவரும் தம் கணினியில் சேமித்து, பிறகு சர்வரில் உள்ள பொதுக் கோப்புறைக்கு நகல் எடுக்க வேண்டும். ஒரு மாணவியின் படக்காட்சியும் ஒரு மாணவனின் படக்காட்சியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. வண்ணம் மட்டும் வேறு. மாணவியின் கோப்பில் நேரம் 11.52. மாணவனின் கோப்பில் 11.18. “சார், பின்னால் சேமித்தவள் பார்த்து எழுதியிருக்கிறாள். கணினியே சொல்கிறதே” என்றார் மதிப்பீட்டில் உடன் இருந்த ஆசிரியர். அந்த மாணவி எதுவும் பேசாமல் நின்றாள்.

கோப்பை நகல் எடுக்கும்போது, அது சேமிக்கப்பட்ட கணினியின் நேரத்தையே தன்னோடு சுமந்து வருகிறது. ஆகவே முடிவு எடுக்கும் முன் அந்த இரண்டு கணினிகளின் கடிகாரங்களையும் அன்று மாலையே, அவற்றை அணைக்கும் முன், கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டோம். மாணவி அமர்ந்திருந்த கணினி 47 நிமிடம் முன்னால் ஓடியது. மாணவனின் கணினி 4 நிமிடம் பின்தங்கியிருந்தது. திருத்திப் பார்த்தால் மாணவி சேமித்தது 11.05, மாணவன் சேமித்தது 11.22. வரிசை தலைகீழாகிவிட்டது.

அதோடு நிறுத்தவும் இல்லை. சேமித்த நேரம் என்பது சேமித்த நேரத்தை மட்டுமே காட்டும். யார் உழைத்தார் என்பதைக் காட்டாது. இருவரையும் தனித்தனியே அழைத்து, ஒவ்வொரு படத்தையும் விளக்கச் சொன்னோம். மாணவன் தானாகவே சொன்னான்: “சேர்ந்துதான் யோசிச்சோம் சார். அவ முதல்ல முடிச்சா. நான் பென் டிரைவில எடுத்து கலர் மட்டும் மாத்தினேன்.” கூட்டுச் செயல்திட்டமாகவே அதை ஏற்று மதிப்பிட்டோம்.

பதிவேட்டில் நாம் கையால் எழுதும் நேரத்தை யாரும் கேள்வி கேட்கலாம். கணினி எழுதிய நேரத்தை எவரும் கேள்வி கேட்பதில்லை. தேர்வு எப்போது தொடங்கியது, விடை எப்போது வந்தது, கோப்பை யார் முதலில் சேமித்தார் என்பதற்கெல்லாம் அதுவே சான்றாகிவிடுகிறது. குழந்தையின் சொல்லுக்கு எதிரே அந்தச் சான்றை வைக்கும் முன், அந்தக் கடிகாரம் யாரிடம் நேரம் கேட்டது என்று பார்ப்பது நம் கடமை.

வேறுபாட்டின் அளவைக் கொண்டு காரணத்தை அறிதல்

நேரம் தவறு என்று தெரிந்தவுடன் கையால் மாற்றிவிடவே மனம் வரும். மாற்றும் முன், எவ்வளவு தவறு என்று எழுதிக்கொள்ள வேண்டும். கைப்பேசி நேரம், கணினி நேரம், வேறுபாடு ஆகிய மூன்றையும் எல்லாக் கணினிகளுக்கும் எழுதினால் நோயின் பெயர் அநேகமாகத் தெரிந்துவிடும்.

ஆண்டே தவறாக இருந்தால், அதாவது ஒவ்வொரு காலையும் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே தேதிக்குத் திரும்பினால், மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டது.

சரியாக 5 மணி 30 நிமிடம் தவறு என்றால் அது கடிகாரப் பழுதே அல்ல. நேர மண்டலம் பற்றிய குழப்பம். கணினி இந்தியத் திட்ட நேரத்திற்குப் பதிலாக உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறது. ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருந்தால் இது அடிக்கடி நேரும். வன்பொருள் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் கொள்ளும். உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் கொள்ளும். ஒன்று திருத்தியதை மற்றொன்று கெடுக்கும். இரண்டில் ஒன்றின் அமைப்பை மாற்றி, இரண்டையும் ஒரே வழக்கத்திற்குக் கொண்டுவர வேண்டும்.

சரியாக 12 மணி நேரம் தவறு என்றால், கையால் அமைத்தவர் முற்பகலையும் பிற்பகலையும் மாற்றி வைத்துவிட்டார்.

சில விநாடியோ சில நிமிடமோ தவறாக இருந்து, அது நாள்தோறும் சீராகக் கூடினால் படிகத்தின் இயல்பான விலகல். மேலே சொன்ன நிகழ்வில் 4 நிமிடப் பிழை இந்த வகையைச் சேர்ந்தது. 47 நிமிடப் பிழை படிகத்தால் வந்திருக்க முடியாது. யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள். பாடவேளை விரைவில் முடிந்ததாகக் காட்ட விரும்பிய ஒரு சிறு கையாக இருக்கலாம். மாணவர் கணக்கிலிருந்து நேரத்தை மாற்ற இயலாதவாறு அமைப்பது அதற்குத் தீர்வு.

பத்துக் கணினிகளும் ஒரே அளவு தவறு என்றால் கணினிகளைத் தொட வேண்டாம். அவற்றுக்கு நேரம் தரும் சர்வரைப் பாருங்கள். ஒன்று மட்டும் தவறு என்றால் சர்வரை விட்டுவிட்டு அந்த ஒன்றைப் பாருங்கள். சில ஆய்வகங்களில் மாணவர் முன் இருப்பது தனிக் கணினி அல்ல; சர்வரின் திரையையே காட்டும் மெலிந்த கருவி. அங்கே காணும் நேரம் சர்வரின் நேரமே என்பதால், ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

சரிசெய்யும் வரிசை

இந்த வேலையில் வரிசை முக்கியம். வரிசை மாறினால் செய்த வேலை மறுநாள் காலையில் கலைந்திருக்கும்.

முதல் படி: பேட்டரி. பெரும்பாலான கணினிகளில் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். ஆய்வகக் கருவிகள் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருந்தால் நாமே திறக்கக் கூடாது. தலைமையாசிரியர் வழியாகப் புகார் பதிந்து மாற்ற வேண்டும். பழைய பேட்டரியை மேசைமேல் விடாதீர்கள். சிறு குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் பொருள் அது. விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தொடக்கப் பள்ளியும் அதே வளாகத்தில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

இரண்டாம் படி: நேர மண்டலம். எல்லாக் கணினியிலும் இந்திய நேரம், அதாவது உலகப் பொது நேரத்துடன் 5.30 கூட்டல், என்று இருப்பதை உறுதி செய்யுங்கள்.

மூன்றாம் படி: ஏறத்தாழச் சரியான நேரத்தைக் கையால் அமைத்தல். ‘எப்படியும் தானே திருத்திக்கொள்ளும்’ என்று இப்படியைத் தாண்டிச் செல்பவர்கள் உண்டு. ஆனால் நேரம் திருத்தும் மென்பொருள்கள் எச்சரிக்கையானவை. பிழை மிகப் பெரிதாக இருந்தால், ‘என் கடிகாரம் தவறா, எனக்கு வந்த பதில் தவறா’ என்று ஐயுற்றுத் திருத்த மறுத்துவிடும். லினக்ஸில் நெடுங்காலமாக வழங்கும் என்.டி.பி. நிரலுக்கு அந்த வரம்பு 1,000 விநாடி. அதாவது 16 நிமிடம் 40 விநாடி. தனித்து இயங்கும் விண்டோஸ் கணினிக்கு இயல்பு வரம்பு 15 மணி நேரம். பேட்டரி தீர்ந்து ஆண்டு மாறிய கணினி இந்த இரண்டு வரம்பையும் தாண்டியே நிற்கும்.

நான்காம் படி: வீட்டுக்கு ஒரு மூத்தவர். தீவில் உள்ள பத்துப் பேரும் ஒரே நேரத்தைச் சொல்ல வேண்டுமானால், ஒருவரை மூத்தவராக ஏற்று மற்றவர்கள் அவரிடம் கேட்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் சர்வர்தான் மூத்தவர். லினக்ஸ் சர்வராக இருந்தால் ‘குரோனி’ என்ற மென்பொருள் இதற்குப் பொருத்தமானது. இணைப்பு விட்டுவிட்டு வரும் இடங்களில் நன்றாக வேலை செய்யும்.

இங்கேதான் தீவு ஆய்வகத்திற்கே உரிய சிக்கல் வருகிறது. என்.டி.பி. முறையில் ஒவ்வொரு கடிகாரத்திற்கும் ஒரு படிநிலை எண் உண்டு. அணுக் கடிகாரமோ ஜி.பி.எஸ். கருவியோ படிநிலை 0. அதனோடு நேரடியாக இணைந்த கணினி படிநிலை 1. அதனிடம் கேட்பது 2. இப்படியே 15 வரை போகும். 16 என்றால் ‘என் நேரத்துக்கு நான் பொறுப்பல்ல’ என்று பொருள். இணையம் இல்லாத சர்வரிடம் கணினிகள் நேரம் கேட்டால், அது நேர்மையாக அந்த நிலையைத்தான் சொல்லும். கணினிகளும் அதை ஏற்காமல் தம் வழியே போகும். கம்பி சரியாக இருக்கிறது, சர்வர் பதிலும் தருகிறது, ஆனால் நேரம் மட்டும் ஒத்துப்போவதில்லை என்று நாம் குழம்புவது இதனால்தான்.

இதற்குக் குரோனியின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும். ஒன்று, ‘வெளியே கேட்க ஆள் இல்லாதபோது உன் கடிகாரத்தையே நம்பி, படிநிலை 10 என்று அறிவித்துக்கொள்’ என்னும் ‘லோக்கல் ஸ்ட்ராட்டம்’ வரி. மற்றொன்று, நம் ஆய்வக முகவரிகளிலிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் தர அனுமதிக்கும் ‘அலவ்’ வரி. 1 என்று அறிவிக்காமல் 10 என்று அறிவிப்பதில் ஒரு நாணயம் இருக்கிறது. என்றாவது இணையம் வந்து படிநிலை 2 அல்லது 3 உள்ள உண்மையான மூலம் கிடைத்தால், எல்லோரும் அதன் பக்கம் திரும்ப வேண்டுமல்லவா? படிநிலை என்பது மூலத்திலிருந்து உள்ள தொலைவைக் குறிக்கும் எண். நேரம் சரியாக இருக்கிறது என்பதற்கான உத்தரவாதம் அன்று.

அதன்பின் ஒவ்வொரு கணினியிலும் நேரம் கேட்கும் முகவரியாகச் சர்வரின் முகவரியைக் கொடுக்க வேண்டும். அப்படியும் பதில் வரவில்லையென்றால் சர்வரின் ஃபயர்வால் அமைப்பில் யு.டி.பி. 123 என்ற வாயில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: வன்பொருள் கடிகாரத்தில் எழுதுதல். ‘நேற்று மாலை சரிசெய்தேன், இன்று காலை பழையபடி தவறு’ என்ற புலம்பலுக்குக் காரணம், திருத்தம் மென்பொருள் கடிகாரத்தோடு நின்றுவிட்டதே. வன்பொருள் கடிகாரத்திற்கும் திருத்தம் போய்ச் சேர வேண்டும். மின்சாரம் திடீரென நின்று கணினி முறைப்படி அணையாத நாள்களில் இது விடுபட வாய்ப்பு அதிகம். திருத்திய பிறகு ஒருமுறை முறைப்படி அணைத்துத் தொடங்கிப் பார்ப்பது நல்லது.

ஆறாம் படி: மூத்தவருக்கு உண்மை நேரம் தருதல். இந்தியத் திட்ட நேரத்தைப் பராமரிக்கும் பொறுப்பு புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துடையது. அதன் நேர சர்வரை இணையம் வழியாக எவரும் கேட்கலாம். தலைமையாசிரியரின் அனுமதியோடு வாரம் ஒருமுறை கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் சர்வரைச் சில நிமிடம் இணைத்தால் போதும். சிக்னலும் இல்லாத ஊர் என்றால், அன்று சிக்னல் கிடைத்த இடத்தில் நேரம் திருத்திக்கொண்ட கைப்பேசியைப் பார்த்துக் கையால் அமைக்கலாம். ஒருவர் கைப்பேசியைப் பார்த்து “மூன்று, இரண்டு, ஒன்று, இப்போது” என்று சொல்ல, மற்றவர் சர்வரில் அழுத்த வேண்டும். ஒரு விநாடிக்குள் ஒத்துப்போகும். பள்ளி ஆய்வகத்திற்கு இது தாராளம்.

இதைக் காலையில் மாணவர் வரும் முன் செய்யுங்கள். தேர்வு நடக்கும்போது நேரத்தைப் பின்னோக்கித் தள்ளினால், சற்றுமுன் சேமித்த விடைகள் எதிர்காலத்தில் எழுதப்பட்டவை போல் ஆகிவிடும். இதனால்தான் என்.டி.பி. நிரல் சிறு பிழைகளை ஒரே தாவலாகத் திருத்தாமல், கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ மெல்லத் திருத்தும். அதன் உச்ச வேகம் பத்து லட்சத்தில் 500 பங்கு. ஒரு விநாடியைச் சரிசெய்ய 2,000 விநாடி, அதாவது அரை மணி நேரத்திற்கும் சற்று மேல், எடுத்துக்கொள்ளும்.

கப்பலோட்டிகளின் நோட்டு

கடலில் செல்லும் கப்பலும் ஒரு தீவுதான். தீர்க்கரேகையை அறிய, புறப்பட்ட துறைமுகத்தின் நேரம் கப்பலில் தெரிய வேண்டும். நான்கு நிமிடப் பிழை ஒரு பாகைப் பிழை. நிலநடுக்கோட்டில் அது 111 கிலோமீட்டர். இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் செய்த கடிகாரம் ஒன்று 1761 நவம்பரில் கப்பலேறி, 1762 ஜனவரியில் ஜமைக்காவை அடைந்தபோது ஏறத்தாழ 5 விநாடி மட்டுமே பிந்தியிருந்தது.

இதில் நமக்குரிய பாடம் ஒன்று உண்டு. அந்தக் கணக்கு, கடிகாரம் நாளொன்றுக்கு எவ்வளவு விலகும் என்று கரையிலேயே அளந்து, அதைக் கழித்துப் பார்த்த கணக்கு. பிழையே இல்லாத கடிகாரம் அவர்களிடமும் இல்லை. பிழை சீராக இருந்தது. அது எழுதி வைக்கப்பட்டிருந்தது. சீரான பிழையை அறிந்தவருக்கு அது பெரிய தொல்லை இல்லை. என்.டி.பி. நிரலும் தன் கணினியின் விலகலைக் கணக்கிட்டு ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பு இல்லாத நேரத்தில் அதைப் பயன்படுத்துகிறது.

எங்கள் சர்வர் அருகே ஒரு 40 பக்க நோட்டு தொங்குகிறது. தேதி, கைப்பேசி நேரம், சர்வர் நேரம், வேறுபாடு, திருத்தினோமா, கையொப்பம் என ஆறு கட்டங்கள். நேரம் திருத்தும் நிரலை நிறுத்தி வைத்து 14 நாள் தொடர்ந்து பார்த்ததில் சர்வர் 21 விநாடி பின்தங்கியது. நாளொன்றுக்கு 1.5 விநாடி. 45 நாள் கோடை விடுமுறைக்குப் பின் ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல் பின்தங்கியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. வெயில் காலத்தில் விகிதம் சற்று மாறலாம். ஆனால் விடுமுறை முடிந்து பார்க்கும்போது 40 நிமிடம் வேறுபட்டால், அது விலகல் அல்ல, வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

வகுப்பறைக்கு

இத்தனையும் ஆய்வகப் பொறுப்பாசிரியரின் வேலை என்று ஒதுக்க வேண்டாம். ஒவ்வொரு வகுப்பிற்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

3 முதல் 5ஆம் வகுப்பு: பள்ளியில் உள்ள ஐந்து கடிகாரங்களை ஐந்து குழுக்கள் கவனிக்கட்டும். மணி அடிக்கும் அதே நொடியில் ஒவ்வொரு குழுவும் நேரத்தை எழுத வேண்டும். எது முந்தியது, எது பிந்தியது, எவ்வளவு? நேரங்களைக் கழிக்கும் பயிற்சி தானே நடந்துவிடும். “எது சரியான மணி?” என்று கேளுங்கள். “எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?” என்று அடுத்துக் கேளுங்கள்.

6 முதல் 8ஆம் வகுப்பு, சமூக அறிவியல்: இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 330 நிமிடம். அதாவது 5 மணி 30 நிமிடம். சென்னை ஏறத்தாழ 80.25 பாகையில் உள்ளது. ஆகவே சென்னையின் சூரிய நேரம் நம் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் பிந்தியது. தம் ஊருக்கான கணக்கை மாணவர்கள் வரைபடம் பார்த்துப் போடட்டும்.

9, 10ஆம் வகுப்பு, கணக்கு: நோட்டில் உள்ள நாள், விலகல் ஆகிய இரண்டையும் வரைபடத்தாளில் குறித்தால் நேர்க்கோடு வரும். அதன் சாய்வுதான் விலகல் விகிதம். பாடநூலில் படித்த நேரியல் சமன்பாடு தங்கள் ஆய்வகச் சர்வருக்கே பொருந்துவதை அவர்கள் காண்பார்கள்.

அதே வகுப்புகளுக்கு, ‘கடிகாரத் தூதர்’ விளையாட்டு: என்.டி.பி. வேலை செய்யும் முறையை ஒரு பாடவேளையில் நடித்துக் காட்டலாம். இரண்டு வகுப்பறைகள்; இரண்டு கடிகாரங்கள். ஒன்றை வேண்டுமென்றே மாற்றி வையுங்கள். ‘அ’ அறை மாணவர் தம் கடிகார நேரத்தைச் சீட்டில் எழுதித் தூதரிடம் தருகிறார்: 10.00.00. தூதர் நடந்து ‘ஆ’ அறைக்குச் செல்கிறார். அங்குள்ள மாணவர் வந்த நேரத்தை எழுதுகிறார்: 10.02.20. திருப்பித் தரும் நேரத்தையும் எழுதுகிறார்: 10.02.50. தூதர் திரும்பி வந்ததும் ‘அ’ மாணவர் தம் கடிகாரத்தில் பார்க்கிறார்: 10.01.10.

‘அ’ கடிகாரப்படி மொத்தம் 70 விநாடி. அதில் ‘ஆ’ அறையில் காத்திருந்தது 30. எனவே நடைக்கு ஆனது 40. ஒரு வழிக்கு 20. தூதர் ‘ஆ’ அறையை அடைந்தபோது ‘அ’ கடிகாரத்தில் 10.00.20 ஆகியிருக்கும். ‘ஆ’ கடிகாரம் காட்டியது 10.02.20. வேறுபாடு 2 நிமிடம். இரண்டு கடிகாரங்களையும் அருகருகே வைக்காமலே வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிட்டோம்!

இப்போது விளையாட்டைச் சற்றுக் கெடுங்கள். திரும்பும் வழியில் தூதர் தண்ணீர் குடித்துவிட்டு 40 விநாடி தாமதமாக வரட்டும். கடைசி நேரம் 10.01.50 ஆகும். நடைக்கு ஆனது 80. ஒரு வழிக்கு 40 என்று கணக்கு சொல்லும். வேறுபாடு 100 விநாடி என்று விடை வரும். உண்மை 120. தாமதத்தில் சரிபாதி பிழையாக மாறிவிட்டது. போக, வர ஒரே நேரம் ஆகும் என்ற எடுகோள் உடைந்தால் கணக்கும் உடையும் என்பதை மாணவர்களே சொல்வார்கள். நிஜ என்.டி.பி. பலமுறை கேட்டு, குறைந்த நேரத்தில் வந்த பதிலுக்கு அதிக மதிப்பு தருவது ஏன் என்பதும் அப்போது விளங்கும்.

நோட்டின் முதல் பக்கத்திற்கு

எங்கள் ஆய்வக நோட்டின் முதல் பக்கத்தில் ஐந்து வரிகள் எழுதி ஒட்டியிருக்கிறோம். விரும்பும் பள்ளிகள் எடுத்துக்கொள்ளலாம்.

1. திங்கள் காலை சர்வர் நேரத்தைக் கைப்பேசியோடு ஒப்பிட்டு எழுதுக.
2. வேறுபாட்டை எழுதிய பிறகே திருத்துக.
3. தேர்வு நடக்கும்போது எந்தக் கணினியின் நேரத்தையும் தொடாதே.
4. தேர்வுக்கு முன் பத்துக் கணினிகளின் நேரத்தையும் எழுதி, இரண்டு மாணவர்கள் கையொப்பமிடுக.
5. கணினி காட்டும் நேரத்தை வைத்து மாணவர் மேல் குற்றம் சொல்லும் முன் இந்த நோட்டைப் பார்க்க.

நான்காவது வரியை மாணவர்களிடமே ஒப்படைத்திருக்கிறோம். இந்த ஆண்டு அந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் எட்டாம் வகுப்பு மாணவியர் இருவர். தேர்வு தொடங்கும் முன் பத்துத் திரைகளையும் வரிசையாகப் பார்த்து எழுதி முடிக்க அவர்களுக்கு ஆகும் நேரம் நான்கு நிமிடம்.